ரோடு தாண்டி வந்த சிஸ்டர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசிக்கிறேன். படிக்கிறவர்கள் மன்னித்து, திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். பேச்சிலும் நான் அப்படித்தான். டீ மாஸ்டராக இத்தனை வருஷம் நிற்கிறேன். சீனி கூடவா குறையவா என்பதைத் தாண்டி யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த விஷயத்தை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். அவரையும் இருக்க விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடை தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. எதிரே ஒரு ஆஸ்பத்திரி. அதன் பெயர் இங்கே வேண்டாம். சிஸ்டர் பெயரை எழுதலாம் என்றால் எனக்கு அது தெரியாது. எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். பெண்களைப் பார்க்கிற பகுதியில் அவருக்கு வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ஒல்லியான உடம்பு, ஆனால் ரோட்டைக் கடக்கும்போது உடம்பு ரெண்டு மடங்கு ஆகிவிடும். ஒரு கையை நீட்டுவார். சுரண்டை பஸ் நிற்கும், சீசனுக்கு வருகிற வேன் நிற்கும். இன்னொரு கை எப்போதும் மூடியிருக்கும். அதற்குள் மாத்திரை. சாரல் காலத்தில் குடையை விரிக்க மாட்டார், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தே வருவார். ரெண்டு கைக்கும் வேலை இருக்கிறதே.

எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் புருஷன்மார்தான். பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குள் அனுப்பிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். டீ, வடை, செல்போன். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், “பொம்பளைங்க சமாச்சாரம்” என்பார்கள். சிஸ்டர் அந்த பெஞ்சுக்குத்தான் வருவார்.

“உள்ள பச்சை சேலை கட்டிருக்கது உங்க வீட்டம்மாவா?”

“ஆமா.”

“இந்தாங்க. இது உங்களுக்கு.”

“எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்.”

“நல்லா இருக்கேன்னு சொல்லுத ஆளுதான் முழுங்கணும். அண்ணாச்சி, ஒரு டம்ளர் தண்ணி.”

அண்ணாச்சி என்றது என்னை. நான் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு பாய்லர் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் அந்த ஆள் முழுங்கும்வரை நிற்பார். சில பேரிடம், “வாயத் தொறங்க” என்று பார்த்துவிட்டுத்தான் போவார். ஆம்பளைக்கு வலி, அரிப்பு, ஒன்றும் தெரியாமலே நோய் உடம்பில் இருக்கும் என்றும், மருந்து முடிகிறவரை ரெண்டு பேரும் தனித்தனியாகப் படுக்க வேண்டும் என்றும், அது முடியாதென்றால் உறை மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வார். மாத்திரை போட்ட நாளில் பாட்டில் கடைப் பக்கம் போகக் கூடாது என்பார். இதை எல்லாம் ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொல்வார். எனக்குத்தான் காது சுடும்.

ஒரு தடவை பெஞ்சில் இருந்த இன்னொரு ஆள், கூட்டத்தைச் சிரிக்க வைக்க நினைத்து, “சிஸ்டர், எனக்கும் ஒண்ணு குடுங்க, தலவலிக்கு” என்றார்.

“உங்க சம்சாரம் மட்டும் உள்ள வரட்டும், தேடி வந்து தாரேன்” என்றார் சிஸ்டர். அந்த ஆள் வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு உண்டு. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் தோளில் ஈரத் துண்டோடுதான் பெஞ்சில் உட்காருவார்கள். அந்தத் துண்டைக் காட்டிச் சொல்வார்: “ஈரத் துண்ட வச்சுத் துவட்டுனா ஒடம்பு காயுமா? பொண்டாட்டிக்கு மட்டும் மருந்து குடுத்துட்டு நீங்க சும்மா இருந்தா அதான் கதை. அவ காஞ்சு வருவா, நீங்க திரும்ப நனைச்சு விடுவிய.” மாசத்துக்கு ஒரு தடவை அதே பெண் அதே தொந்தரவோடு வருவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வந்த பேச்சு அது. வாசலில் அந்தப் பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். முகம் பழகிவிடும். நல்லாகிப் போவார்கள், திரும்ப வருவார்கள். வீட்டில் சூடு என்று சொல்லி வெந்தயமும் மோரும் கொடுத்திருப்பார்கள்.

ஒரு விஷயம் அவர் கேட்டதே இல்லை. நோய் எங்கிருந்து வந்தது என்று. ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து, “என்ன சிஸ்டர், நான் கண்ட எடத்துக்குப் போறவன்னு சொல்லுதீங்களா?” என்று சண்டைக்கு நின்றபோது, “எங்க வாங்குனீங்கன்னு நான் கேக்கல. வீட்டுல குடுக்காதீங்கன்னுதான் சொல்லுதேன்” என்றார். அந்த ஆள் நின்ற வேகத்திலேயே உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரை அவரே எடுத்துக்கொண்டார்.

இதை எல்லாம் படித்தால் அவர் வந்தார், ஜெயித்தார் என்று தோன்றும். அப்படி இல்லை. ஆய்க்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தது, சின்ன வயசு. அதன் புருஷனிடம் சிஸ்டர் பத்துப் பேர் கேட்கச் சத்தமாகப் பேசிவிட்டார். அவன் மாத்திரையை வாங்கி பேசாமல் முழுங்கினான். அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது உதடு கிழிந்திருந்தது. வெளியில் என்னை அசிங்கப்படுத்தவா கூட்டிக்கொண்டு போனாய் என்று பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே அடித்திருக்கிறான்.

அன்றைக்கு சிஸ்டர் கையில் எதுவும் இல்லாமல் ரோட்டைக் கடந்து வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“நான் போட்ட சத்தம் அந்தப் பிள்ள மூஞ்சில போயி விழுந்திருக்கு அண்ணாச்சி” என்றார்.

டீயை எடுத்துவிட்டு வேறு சூடாகப் போட்டு வைத்தேன். அதையும் குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகு முறை மாறியது. உள்ளே ஒவ்வொரு பெண்ணிடமும் முதலில் கேட்பார்: நான் வெளியே போய் அவரிடம் சொல்லட்டுமா, வேண்டாமா? சொல்லு என்றால்தான் வருவார். வந்தாலும் அந்த ஆளைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, ரகசியமாகப் பேசுவார். வேண்டாம் என்று சொல்கிற பெண்கள்தான் அதிகம். அப்போதும் அவருக்குக் கால் நிற்காது. ஆஸ்பத்திரி வாசல் வரை வருவார். மாத்திரையை மூடிய கையோடு ரோட்டோரத்தில் நின்று பெஞ்சைப் பார்ப்பார். பஸ் எதுவும் வராது, ரோடு காலியாகக் கிடக்கும். திரும்பிப் போய்விடுவார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். யார் மேல் எரிச்சல் என்றுதான் தெரியாது.

அப்படி ஒரு நாள், நடுவில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே நிரோத் பாக்கெட்டுகள். அரசாங்கத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் அண்ணாச்சி. வச்சா மட்டும் போதும்” என்றார். வாங்கி, கடைக்குப் பின்பக்கம், கை கழுவுகிற குழாய்க்கு மேலே உள்ள மாடத்தில் வைத்தேன். மேலே ஒரு பழைய காலண்டர் அட்டையைச் சாய்த்து வைத்தேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெட்டி இறங்கிக்கொண்டே வந்தது. யார் எடுத்தார்கள் என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கை கழுவப் போகிறவர்கள் கொஞ்சம் அதிக நேரம் கை கழுவினார்கள், அவ்வளவுதான். காலியானதும் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் மறக்கவில்லை. “பாத்தீங்களா? யாரும் பாக்காட்டி ஆம்பளைக்கு அறிவு இருக்கு” என்றார். அடுத்த பெட்டி அன்றைக்கே வந்துவிட்டது.

அதைத்தான் முதலாளி பார்த்துவிட்டார். சாமி படம் மாட்டியிருக்கிற கடையில் இது என்னடா என்று என்னைச் சத்தம் போட்டு, பெட்டியை ஓடையில் வீசினார். சிஸ்டர் கேள்விப்பட்டு வந்து, கல்லாவுக்கு நேரே நின்றார்.

“முதலாளி, சாமி படத்துக்குக் கீழ சிகரெட் வைக்கலாம். இத வைக்கக் கூடாதா?”

“சிகரெட் யாவாரம். இது அசிங்கம். உம்ம பஞ்சாயத்துல எனக்கு பெஞ்சு காலியாவுது. அங்கன இருந்து இங்கன வந்து என் கஸ்டமர வெரட்டுத வேலைய விட்டுரும்.”

முதலாளி அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரி மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சில் மாத்திரை முழுங்கின யாரோ ரெண்டு பேரும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சிஸ்டருக்கு உத்தரவு வந்தது: வேலை நேரத்தில் கேட்டைத் தாண்டக் கூடாது.

இது நடந்தது போன வருஷம் வைகாசியில். அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கச்சி விஷயம்.

தங்கச்சியைக் கீழப்பாவூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை புனலூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். கெட்டவர் இல்லை. எதற்கும், “குழப்பமில்ல மச்சான்” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுச் சிரிப்பார். முதல் பிள்ளை ஆறாம் மாசத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. சூட்டு உடம்பு என்று சொல்லி, அவள் மாமியார் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, தலைக்கு எண்ணெய் வைத்து அருவியில் நிற்க வைத்தார். மூலிகைத் தண்ணி, எல்லாம் கழுவிவிடும் என்றார். அந்த எலும்பும் தோலுமான பிள்ளை நடுங்கி நடுங்கிக் குளித்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன். பின்னாளில் இதைச் சொன்னபோது சிஸ்டர், “அருவி மேலதான கழுவும் அண்ணாச்சி? ரத்தத்துக்குள்ள போயா கழுவும்?” என்றார்.

ரெண்டாவது தடவை உண்டானதும் எதிர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பது தெரிந்துவிட்டது. தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் சொல்லி, அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சுவரைப் பார்த்து என்னிடம் சொன்னாள். பழைய ஆட்கள் மேக நோய் என்பார்கள், ஆஸ்பத்திரியில் சிபிலிஸ் என்றார்கள். முதல் பிள்ளை போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பயப்பட வேண்டாம், ஊசி போட்டால் தீரும். தங்கச்சிக்குப் போட்டாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையும் ரத்தம் பார்த்து ஊசி போட வேண்டும். அவர் போடாமல் இருந்தால் இவளுக்குத் திரும்பத் தொத்தும். ஒரு தடவை குணமானால் மறுபடி வராது என்பதெல்லாம் இல்லை. வந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும்.

இத்தனை வருஷம் சிஸ்டர் தேடி வந்தது அடுத்த வீட்டுப் புருஷன்மாரை. இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என் மாப்பிள்ளை.

தங்கச்சி சம்மதம் சொன்ன பிறகு, கேட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவு வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை ஊருக்கு வந்திருந்த ஒரு தடவை, சிஸ்டர் வந்து அவரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். “இந்தா வாரேன் சிஸ்டர், போன் வருது” என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தவர், அப்படியே செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். அடுத்த தடவை வந்தபோது அருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் லேகிய டப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்தார். சீசனுக்கு லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வைத்தியர் ஒருவர் கொடுத்ததாம். “ரத்தத்த சுத்தம் பண்ணிரும் மச்சான். குழப்பமில்ல.”

எதிரே கேட்டுக்கு உள்ளே சிஸ்டர் நின்றார். வெளியே வர முடியாது. என்னைப் பார்த்தார். கண்ணால் பெஞ்சைக் காட்டினார். நான் சொல்ல வேண்டும். தங்கச்சி புருஷனிடம், அவர் உடம்பைப் பற்றி, அந்த நோயைப் பற்றி. மாப்பிள்ளையிடம் நான் அதுவரை சாப்பாடு, மழை, பஸ் தவிர எதுவும் பேசினதில்லை. வாயைத் திறந்தேன்.

“மாப்ளே... வடை சூடா இருக்கு, தரவா?”

அதுதான் வந்தது. அவர் ரெண்டு வடை தின்றார். சிஸ்டர் அங்கே நின்று, நான் வடையை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளை உடுப்பு இல்லாமல், சாதாரணச் சேலையில் பார்த்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே என் வீட்டுக்காரியிடம் பேசினார். தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று முதலில் சொன்னார். பிறகு, “அந்தப் பிள்ளைய இங்கன கூட்டிட்டு வந்திருங்க. அவரு ஊசி போடுத வரைக்கும் அங்க விடாதீங்க” என்றார். உறை மாட்டச் சொல்லும்படி தங்கச்சியிடம் சொல்லி அனுப்பினாராம். இவள் எடுத்துக் கொடுத்தால் மாப்பிள்ளை, “என்ன சந்தேகப்படுதியா?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாராம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு முடியவில்லை.

“சும்மா கூட்டிட்டு வந்தா ஊரு என்ன சொல்லும் சிஸ்டர்?” என்றாள் என் வீட்டுக்காரி. “சண்டைன்னு சொல்லும். அவ மாமியா விடமாட்டா.”

“வளைகாப்பு எப்பம்?”

“எங்க பக்கம் ஏழாம் மாசம்.”

“இப்பம் அஞ்சு நடக்கு. அஞ்சும் ஒத்தப்படதான? வளைகாப்பு போட்டா தாய் வீட்டுக்கு அனுப்பித்தான ஆகணும்? அம்மா இல்லாத பிள்ளைக்கு அண்ணன் வீடுதான் தாய் வீடு.”

“அது எப்படி சிஸ்டர், மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “கல்யாணமான பிள்ளையள ஆடிக்குப் பிரிச்சு வைக்குதியளே. நோவுக்குப் பிரிச்சு வைக்க மாட்டியளா?”

என் வீட்டுக்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஆடி பொறக்குததுக்கு முன்னால போட்டுருவோம். அஞ்சுல போட்டாத்தான் பிள்ள தங்கும்னு ஜோசியர் சொன்னாருன்னு அவ மாமியாட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள்.

சிஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் சிரிப்பு முடிவதற்குள் முகம் மாறிவிட்டது. “பாருங்க அண்ணாச்சி. ரத்தத்துல இருக்குன்னா கேக்க மாட்டாங்க. கட்டத்துல இருக்குன்னா கேப்பாங்க. நான் தொண்ட கிழிய கத்தி என்ன பிரயோசனம்?” காப்பியைப் பாதி குடித்துவிட்டு வைத்தார். எப்போதும் பாதிதான் குடிப்பார்.

ஜோசியர் பெயரைச் சொன்னதும் மாமியார் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனி கடைசி முகூர்த்தத்தில் வளைகாப்பு நடந்தது. ரெண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு தங்கச்சியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். மாப்பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. பந்தியில் என்னிடம் பேசவில்லை, குழப்பமில்ல என்றும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பழம், அல்வாவோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கச்சி நடையில் வந்து நின்றாள். வளையல் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

“ஊசி போட்டாச்சா?”

“வந்ததும் வராததுமா இதென்ன கேள்வி?”

“போடலைன்னா வாசல்லயே இருங்க. காப்பி அங்கன வருது.”

என் தங்கச்சி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் கடைக்காரன் மிச்சம் தர மறந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற பிள்ளை. என்னை மாதிரி. அவர் காப்பியைக் குடிக்காமல், அல்வாவை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் டீ போட்டேன். போட்டு, கொடுக்காமல் பாய்லர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். பாய்லரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது.

“மாப்ளே, இது இங்கனயே இருக்கட்டும். அந்தப் பக்கம் போயிட்டு வந்து குடிங்க.”

அவர் எழுந்து பாய்லர் பக்கத்தில் வந்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காத மாதிரி, “மச்சான், எனக்கு ஊசின்னா பயம்” என்றார்.

கொதிக்கிற கல்லில் வெறும் கையால் பரோட்டா புரட்டுகிற ஆள். ரோஷம், சந்தேகம், லேகியம், அருவி என்று ஒரு வைகாசியும் ஆனியும் எங்களை ஆட்டிவைத்ததற்குள்ளே இதுவும் ஒன்று கிடந்திருக்கிறது. ஒரு உயிரை ஏற்கெனவே இழந்தாகிவிட்டது. எனக்கு அந்த டீயை அவர் தலையில் ஊற்றலாம் போல் இருந்தது. “நானும் வாரேன், வாங்க” என்று அடுப்பைக் குறைத்துவிட்டு முன்னால் நடந்தேன்.

சிஸ்டர் கேட்டுக்கு உள்ளேதான் நின்றார். ஒரு கால்கூட வெளியே வைக்கவில்லை. கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். எனக்கு சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்வார், குறைந்தது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால், பெஞ்சில் மிச்சம் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அடுத்தடுத்த வாரமும் வந்து ஊசி போட்டு முடித்தார். அது முடிந்த கொஞ்ச நாளில், ஆவணியில், சிஸ்டர் வேலையில் இல்லை. நோயாளி வீடுகளுக்குப் போய்த் தொந்தரவு செய்கிறார் என்று யாரோ சொன்னதாக ஒரு பேச்சு. அவராகவே போனார் என்று ஒரு பேச்சு. வாட்ச்மேனிடம் கேட்டேன், சங்கரன்கோவில் பக்கம் என்றார். முதலாளியிடம் யாரோ கேட்டதற்கு, “அப்பாடா” என்றார். ஒரு டீகூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார்.

ஐப்பசியில் தங்கச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சேதியைச் சொல்ல ரோட்டைக் கடந்து போய், கேட்டில் நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். தையில் அவளைக் கீழப்பாவூருக்கு அனுப்பும்போது பிள்ளையின் துணி, சோப்பு எல்லாம் எடுத்து வைத்த பையில் அவளே நிரோத் பாக்கெட்டையும் மேலாகவே வைத்தாள். என் வீட்டுக்காரி அதை அடியில் தள்ளப் போனாள். “மேலயே இருக்கட்டும் மைனி. அவுக கண்ணுல படட்டும். கேரளாவுக்குப் போயிட்டு வாரவுகதான” என்றாள் தங்கச்சி. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

சிஸ்டர் இருந்த இடத்தில் இப்போது வேறு பிள்ளை இருக்கிறது. நல்ல பிள்ளை. கேட்டைத் தாண்டி வருவதில்லை. மாத்திரையைப் பொட்டலம் கட்டி, “வீட்டுக்காரருக்கும் குடுத்துருங்க” என்று பெண்கள் கையில் கொடுத்து அனுப்புகிறது. அந்தப் பொட்டலங்கள் பஸ் ஸ்டாப்பில், எங்கள் கடை ஓடையில் கிடக்கின்றன. பார்த்த முகங்களையே நான் வாசலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இன்றைக்கு சாரல் நல்ல சாரல். பெஞ்சு நிறைந்திருந்தது. கடைசியில் இருந்தவர் தோளில் ஈரத் துண்டு. அவர் பெண்டாட்டி இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குள் போவதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அந்த அம்மா வாசலில் நின்று ஒரு தடவை இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் உள்ளே போனது. நான் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். மாத்திரை என்னிடம் இல்லை. ரகசியமாகத்தான் சொன்னேன்: “அண்ணாச்சி, நீங்களும் ஒருக்கா உள்ள போயி டாக்டரம்மாவப் பாருங்களேன். மருந்து ரெண்டு பேரும் சேந்து சாப்பிடணுமாம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டீயப் போடும்வே” என்றார்.

போட்டேன். கடை சாத்தியதும் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆடி மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.